பழைய 4-வீல் டிரைவ் ஜீப் வாங்கிச் சீர்செய்ய நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் மஹிந்திரா எம்.எம்.540 ஜீப் போடிநாயக்கனூரில் வீட்டு வாசலில் நிற்கத் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறும் ஜீப்புகளைப் பார்த்து ஆசைப்பட்டு, தாமும் ஒன்று வாங்க வேண்டும் என்று வருபவர்கள் ஏறத்தாழ ஒரே ஐயங்களையே கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே தந்திருக்கிறேன்.

முதல் வண்டியா எதை வாங்கலாம்? ஜிப்ஸியா, மஹிந்திரா ஜீப்பா?

நம் ஊரில் பழைய 4-வீல் டிரைவ் என்றால் நடைமுறையில் இந்த இரண்டு குடும்பங்கள்தாம். மாருதி ஜிப்ஸி 1985-இன் இறுதியில் 970 சி.சி. பெட்ரோல் எஞ்சினுடன் வந்தது. 1996-இல் 1,298 சி.சி. எஞ்சின் வந்தது. எடை குறைவு, எஞ்சின் நம்பகமானது, ஓட்டுவதற்குக் காரைப் போலவே இருக்கும். ஆனால் பட்டை ஸ்பிரிங்கின் குலுக்கலும், தரைத் தகடு துருப்பிடிக்கும் பழக்கமும், பெட்ரோல் செலவும் உடன் வரும். தேடுவோர் அதிகம் என்பதால் நல்ல ஜிப்ஸி மலிவாகக் கிடைப்பதில்லை.

மஹிந்திராவில் பீஜோ எஞ்சின் பொருத்திய எம்.எம்.540, எம்.எம்.550 வகைகளும், டிராக்டர் வழியாக வந்த டி.ஐ. (டீசலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும்) எஞ்சின் பொருத்திய சி.ஜே.500, மேஜர் போன்றவையும் பரவலாகக் கிடைக்கின்றன. பீஜோ எஞ்சின் சீராக ஓடும், ஓரளவு வேகமும் எடுக்கும். குளிர்ந்த காலையில் ஹீட்டர் பிளக் சூடாகும் வரை காத்திருந்துதான் கிளப்ப வேண்டும். டி.ஐ. எஞ்சின் கடகடவென்று சத்தமிடும், ஆனால் குறைந்த சுற்றிலேயே நன்றாக இழுக்கும், டீசலும் குறைவாகக் குடிக்கும். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு நான் எம்.எம்.540-ஐத்தான் சொல்வேன். தேனி, கம்பம் பக்கத்தில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் அதைத் திறந்து மூடத் தெரிந்த ஒருவர் இருப்பார். உதிரி பாகமும் கிடைக்கும்.

ஜீப்னாலே நாலு சக்கரமும் இழுக்கும்தானே?

இல்லை. ஏமாறுபவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். மஹிந்திரா ஒரே உருவத்தில் 2-வீல், 4-வீல் என இரண்டு விதமாகவும் ஜீப்புகளை விற்றது. வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. குனிந்து முன்சக்கரங்களுக்கு இடையே பாருங்கள். பின்பக்கம் இருப்பதைப் போலவே பந்துபோல் பருத்த ஹவுசிங் ஒன்று, நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்க வேண்டும். அதற்கு ஒரு புரொப்பெல்லர் ஷாஃப்ட் (எஞ்சினின் இழுவையை ஆக்சிலுக்குக் கடத்தும் தண்டு) போக வேண்டும். உள்ளே கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னொரு லீவர், பழைய வகைகளில் இரண்டு, இருக்க வேண்டும். லீவர் மட்டும் இருந்து அடியில் ஷாஃப்ட் இல்லாத வண்டியையும் நான் பார்த்திருக்கிறேன்: முன்பக்க ஆக்சில் கெட்டதும் செலவுக்குப் பயந்து கழற்றி விற்றுவிட்டார்கள். அதன் உரிமையாளருக்கே அது தெரியவில்லை.

4-வீல் எப்பப் போடணும்? தார் ரோட்டுல போட்டு ஓட்டினா என்ன ஆகும்?

இந்த வண்டிகளில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் (இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் தரும் பற்சக்கரத் தொகுதி) கிடையாது. 4-வீல் போட்டதும் இரண்டும் இறுக்கமாகப் பிணைந்துவிடும். வளைவில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். மண்ணில் என்றால் ஏதாவது ஒரு சக்கரம் சற்று வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிக்கட்டிவிடும். தாரில் வழுக்க இடமில்லாததால் அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்ட், கிராஸ் (ஷாஃப்டின் முனையில் இருக்கும் சிலுவை வடிவ இணைப்பு), பற்சக்கரங்கள் ஆகியவற்றில் ஏறும். ஸ்டீயரிங் கனத்து, லீவர் வெளியே வர மறுத்தால் அதுதான் காரணம். அப்போது லீவரை அடிக்காமல் வண்டியைச் சற்றுப் பின்னால் எடுத்தால் முறுக்குத் தளர்ந்துவிடும்.

சக்கரத்தின் நடுவில் பூட்டும் ஹப் (முன்சக்கரத்தை ஆக்சிலோடு பிணைக்கும் பூட்டு) இருக்கும் வண்டியில், இறங்கி இரு பக்கமும் பூட்ட வேண்டும். ஒன்றை மட்டும் பூட்டினால் முன்பக்கம் இழுக்காது. லோ ரேஷியோ (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர்) செங்குத்தான ஏற்ற இறக்கத்துக்கும் சேற்றுக்கும் உரியது. வண்டியை நிறுத்திவிட்டுத்தான் அதைப் போட வேண்டும்.

கையில எவ்வளவு பணம் வச்சுக்கணும்?

விலை ஊருக்கு ஊர், ஆர்.சி.க்கு (பதிவுச் சான்றுக்கு) ஆர்.சி. மாறும் என்பதால் தொகை சொல்ல மாட்டேன். மொத்தமாக ஒதுக்கியதில் பாதிக்கு மேல் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். மீதிப் பாதி டயர், பிரேக், ஸ்டீயரிங், பம்ப்–நாசில் (டீசலை எஞ்சினுக்குள் பீய்ச்சும் பாகங்கள்) வேலை, டிங்கரிங் என்று முதல் ஆண்டிலேயே போய்விடும். “எல்லா வேலையும் முடிச்சாச்சு, ஏறி ஓட்டலாம்” என்று சொல்லப்பட்ட வண்டிக்கும் இந்தக் கணக்கில் மாற்றமில்லை.

ஆர்.சி. முடிஞ்சு நாலு வருஷமாச்சு. “எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்தா போதும்”னு விக்கிறவர் சொல்றார். நம்பலாமா?

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் படிவம் 25 கொடுத்து, வண்டியை நேரில் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். காருக்கு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2025-இல் மேலும் உயர்த்தப்பட்டது. இதனுடன் தாமதக் கட்டணமும் பசுமை வரியும் சேரும். ஆகவே “போதும்” என்ற சொல்லுக்குள் கணிசமான தொகை ஒளிந்திருக்கிறது. புதுப்பித்துக் கொடுத்த பிறகு முழுப் பணம் என்று பேசுங்கள். மறுத்தால், அவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று உங்களுக்குத் தெரியவில்லை என்று பொருள்.

ஆர்.சி.யில் இருக்கும் சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் நீங்களே துடைத்து, பென்சிலால் தேய்த்துத் தாளில் படியெடுத்து ஒப்பிடுங்கள். எழுத்துகள் கோணலாகவோ, சுற்றியுள்ள இரும்பு அரம் போட்டது போலவோ இருந்தால் அத்தோடு திரும்பிவிடுங்கள். வாங்கும்போது படிவம் 29-இல் இரண்டு படிகள், படிவம் 30, கடன் இருந்து தீர்ந்திருந்தால் படிவம் 35 ஆகியவை வேண்டும். கேரளம் போன்ற வெளிமாநில வண்டி என்றால் படிவம் 28 வழியாகப் பெறும் தடையின்மைச் சான்றும், இங்கே கட்ட வேண்டிய வரியும் உண்டு. தில்லி வட்டாரத்தில் பழைய டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து அங்கிருந்து தெற்கே வண்டிகள் வருகின்றன. அவற்றின் குறைந்த விலையோடு நம் மாநில வரியையும் கூட்டிப் பார்க்காமல் மகிழ வேண்டாம். மஞ்சள் போர்டு ஜீப்பாக இருந்தால், பெர்மிட்டை ஒப்படைத்துச் சொந்த உபயோகத்துக்கு மாற்றும் வேலை யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டி பார்க்கப் போனா முதல்ல எதைப் பார்க்கணும்?

சேஸிஸை. எஞ்சினைப் போர் போட்டு (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து) சரிசெய்யலாம், பாடியைக் கட்டிக்கொள்ளலாம். அழுகிய சேஸிஸ் உங்கள் பணத்தையும் பதிவு எண்ணின் மதிப்பையும் சேர்த்தே தின்றுவிடும். ஸ்பிரிங் பட்டையின் ஷேக்கிள் (பட்டையைச் சேஸிஸோடு இணைக்கும் துண்டு) மாட்டியிருக்கும் இடங்கள், ஸ்டீயரிங் பாக்ஸ் பொருத்திய இடம், பின் குறுக்குச் சட்டம் ஆகிய மூன்றும் முக்கியம். ஒரு பெரிய ஸ்குரூ டிரைவரை எடுத்துச் சென்று, பிடியால் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அழுகிய இடம் பொத்தென்று கேட்கும். கறுப்புத் தார்ப் பூச்சு புதிதாக மினுங்கினால் அந்த இடத்தில் இருமுறை தட்டுங்கள்.

நான் முதலில் வாங்கிய ஜீப் இதைச் செய்யாமல் வாங்கியது. வெள்ளைப் பெயிண்ட் பளபளத்தது, சீட் புதிது, எஞ்சின் ஒரே அடியில் பிடித்தது. மூன்றாம் மாதம் ஓட்டுநர் காலடியில் ஈரமாக இருக்கிறதே என்று மேட்டைத் தூக்கினேன். தகடு என்று நினைத்தது சாக்கின் மேல் பூசிய பட்டி. விரலால் அழுத்தியதும் பிஸ்கட் போல உடைந்து கீழே கிடந்த தரை தெரிந்தது. துணி சுற்றிய ஒரு சிறு காந்தம் அன்று என் சட்டைப்பையில் இருந்திருந்தால், பட்டி பூசிய இடமெல்லாம் ஒட்டாமல் நழுவிக் காட்டிக்கொடுத்திருக்கும்.

எஞ்சின் நல்லா இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு ஒண்ணுமே தெரியாதே.

வருகிறோம் என்று சொல்லும்போதே “வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள்” என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், முன்பே கிளப்பிவிட்டார்கள். குளிர்ந்த எஞ்சின் பிடிக்க எடுக்கும் நேரம்தான் நீங்கள் பார்க்க வேண்டிய முதல் தகவல். பிடித்ததும் புகையைப் பாருங்கள். கறுப்பு என்றால் டீசல் சரியாக எரியவில்லை, பெரும்பாலும் பம்ப்–நாசில் வேலை. நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கவனம் தேவை.

பின்னர் ஓடும் எஞ்சினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். இலேசான ஆவி இயல்பு. ரயில் எஞ்சின் போலக் குபுகுபுவென்று புகை தள்ளினால் ரிங் தேய்ந்துவிட்டது, போர் வேலை காத்திருக்கிறது. ரேடியேட்டர் மூடியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே திறந்து, தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். இவ்வளவுக்கும் எந்த முன்னறிவும் தேவையில்லை.

4-வீல் வேலை செய்யுதான்னு அங்கேயே சோதிக்க முடியுமா?

முடியும், ஒரு ஜாக்கி போதும். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்து, ஹப்பைப் பூட்டி, 4-வீலும் முதல் கியரும் போட்டு, எஞ்சினை அணைத்த நிலையில் ஒரு முன்சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். அதைக் கையால் சுழற்றினால் சற்று ஆடி நின்றுவிட வேண்டும். தாராளமாகச் சுற்றினால் இரண்டு பக்கங்களில் ஏதோ ஒன்றில் ஆக்சிலோ ஹப்போ போய்விட்டது, அல்லது ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி) பிணையவில்லை. “சற்று ஆடி” என்றேனே, அந்த ஆட்டத்தின் அளவு கிரவுன் பினியன் (ஆக்சிலுக்குள் இருக்கும் பற்சக்கர இணை), கிராஸ் ஆகியவற்றின் தேய்மானத்தைக் காட்டும்.

கல் கொடுப்பதை விளையாட்டாக எண்ண வேண்டாம். பழைய சி.ஜே. வகைகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் பிடிக்காது. ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்டில் பிடிக்கும். பின்சக்கரம் ஒன்றைத் தூக்கிய நொடியில் டிஃபரன்ஷியல் வழியாக மற்றொன்று உருளத் தொடங்கி, வண்டி ஜாக்கியிலிருந்து இறங்கிவிடும்.

மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போகணுமா?

ஆம். ஆனால் விற்பவர் அறிமுகப்படுத்தும் மெக்கானிக் வேண்டாம். கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். இலவசமாக வருபவர் தரகு எங்கே வாங்குகிறார் என்பது நமக்குத் தெரியாது.

வாங்கிட்டேன். முதல்ல பெயிண்ட் அடிக்கலாமா?

பெயிண்ட் கடைசி வேலை. அடித்த பிறகு வெல்டிங் செய்தால் அது கருகும், எஞ்சினை இறக்கி ஏற்றினால் கீறல் விழும். முதலில் பிரேக். வீல் சிலிண்டர், ஹோஸ், லைனர் மூன்றையும் கழற்றிப் பாருங்கள். நான்கு சக்கரத்துக்கும் ஒரே இணைப்பில் ஆயில் போகும் பழைய மாஸ்டர் சிலிண்டராக இருந்தால், ஒரு ஹோஸ் கிழிந்தாலே மொத்த பிரேக்கும் போய்விடும் என்பதால் எல்லா ஹோஸையும் ஒன்றாகவே மாற்றிவிடுங்கள். அடுத்து ஸ்டீயரிங், அதற்கடுத்து டயர். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் பத்து வயதான டயரைத் தள்ளுவண்டிக்குக் கொடுத்துவிடலாம்.

பிறகு எல்லா ஆயில்களையும் மாற்றுங்கள். டிஃபரன்ஷியலுக்கு ஜி.எல்.5 தரத்து ஆயில் வேண்டும். அதையே கியர் பாக்ஸிலும் ஊற்றிவிடும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. உள்ளே பித்தளையில் செய்த சின்க்ரோ வளையங்கள் இருப்பதால் கியர் பாக்ஸுக்கு ஜி.எல்.4-ஐக் கேட்டு வாங்கி ஊற்றச் சொல்லுங்கள். வடிந்த பழைய ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் பிடித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள்: நுண்ணிய மினுமினுப்பு வயதின் அடையாளம், நகத்தில் தட்டுப்படும் துண்டு உடைந்த பல்லின் அடையாளம். கடைசியாக வயரிங். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் நேராக ஹாரனுக்கும் ஃபாக் லைட்டுக்கும் இழுத்த வயர்கள் எல்லாப் பழைய ஜீப்பிலும் இருக்கும், தீப்பிடிப்பது அங்கேதான்.

50-க்கு மேல போனா ஸ்டீயரிங் வெடவெடன்னு ஆடுது. டேம்பர் போட்டா சரியாகுமா?

டேம்பர் (ஸ்டீயரிங்கின் அதிர்வைத் தாங்கும் பாகம்) ஆட்டத்தை மறைக்கும், போக்காது. எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவரை ஸ்டீயரிங்கை இடமும் வலமும் விரைவாக அசைக்கச் சொல்லி, நீங்கள் கீழே படுத்துப் பாருங்கள். அசைவு எந்த இணைப்பில் தொலைகிறதோ அங்கே கோளாறு: டை ராட் எண்டாக இருக்கலாம், ஸ்டீயரிங் பாக்ஸாக இருக்கலாம். அங்கெல்லாம் சரி என்றால் முன்சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். கிங் பின் (முன்சக்கரம் திரும்புவதற்கான முளை) பேரிங் தளர்ந்திருந்தால் கையிலேயே தெரியும். ஷேக்கிள் புஷ்ஷும் வீல் பேலன்ஸும் மலிவான சந்தேகங்கள் என்பதால் அவற்றிலிருந்து தொடங்குவது நல்லது.

கியர் பாக்ஸ்ல ஆயில் குறையுது, ஆனா கீழே ஒரு சொட்டு இல்லை. எங்கே போகுது?

பக்கத்து வீட்டுக்குப் போகிறது. அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப் வழிவந்த பழைய ஜீப்புகளில் கியர் பாக்ஸும் ட்ரான்ஸ்ஃபர் கேஸும் ஒட்டியே இருக்கின்றன. நடுவில் இருக்கும் சீல் தேய்ந்தால் ஆயில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்துவிடும். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் நிரம்பி வழிந்து, பின் சீலைத் தாண்டி, நான் மேலே சொன்ன ஷாஃப்ட் ஹேண்ட் பிரேக்கின் டிரம்முக்குள் போகும். ஆகவே ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்று லைனரை மட்டும் மாற்றினால் இரண்டே மாதத்தில் அதுவும் நனைந்துவிடும். சீலை மாற்றும் வரை இரண்டின் ஆயில் அளவையும் மாதம் ஒருமுறை பார்த்து வாருங்கள்.

எந்த வேலையை நானே செய்யலாம்?

ஆயில், ஃபில்டர், கிரீஸ், ஹோஸ், பெல்ட், புஷ், வயரிங் ஆகியவற்றைப் பொறுமை உள்ள எவரும் செய்யலாம். துருப்பிடித்த போல்ட்டை வம்புக்கு இழுக்காமல் முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு வையுங்கள். பம்ப், கிரவுன் பினியன் செட்டிங், சேஸிஸ் வெல்டிங் ஆகிய மூன்றையும் அதற்கென்று இருப்பவரிடம் விடுங்கள். உதிரி பாகங்களுக்குச் சென்னை புதுப்பேட்டை வரை போகலாம். பழைய பாகத்தைக் கையோடு கொண்டு போய் அருகருகே வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

பெரிய டயர், முன்னாடி கம்பி பம்பர், டர்போ எஞ்சின் எல்லாம் போடலாமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. எஞ்சின் மாற்றுவதானால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன் அனுமதி பெற்று, பின்னர் ஆர்.சி.யில் பதிய வேண்டும். கம்பி பம்பருக்கு எதிராக மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே அறிவுறுத்தியது. விபத்தில் இடியின் வேகத்தை அது நேராகச் சேஸிஸுக்குக் கடத்துகிறது, எதிரே நடப்பவருக்கும் ஆபத்து.

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், நிறுவனம் கொடுத்த 6.00–16 அளவுள்ள ஒல்லி டயர் நம் செம்மண் சேற்றைக் கிழித்துக்கொண்டு கீழே கெட்டித் தரையைப் பிடிக்கும். அகல டயர் மேலேயே மிதந்து வழுக்கும், ஸ்டீயரிங்கும் கனக்கும். தோட்ட ஜீப்காரர்கள் யாரும் அகல டயர் போடாததற்குப் பணம் மட்டும் காரணமல்ல.

ராணுவ டிஸ்போஸல் ஜீப், ஜோங்கா எல்லாம் மலிவா வருதே?

ஜோங்கா ஜபல்பூர் ராணுவ வாகனத் தொழிற்சாலையில் நிஸான் உரிமத்தில் செய்யப்பட்டது. ஆறு சிலிண்டர், ஏறத்தாழ நான்கு லிட்டர் பெட்ரோல் எஞ்சின். அந்தத் தாகத்தைத் தாங்க முடியாமல் பலர் டீசல் எஞ்சின் மாற்றியிருப்பார்கள், அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்காது, முந்தைய பதில் இங்கே அப்படியே பொருந்தும். ஏலத்தில் விட்ட ராணுவ வண்டிக்கு ஆர்.சி. பிறகுதான் போடப்பட்டிருக்கும் என்பதால், ஏலத் தாள்களின் மூலப் படிகளையும் கேளுங்கள். இது முதல் வண்டியாக வாங்கத் தக்கதல்ல, இரண்டாவதாக வாங்கலாம்.

ஆத்துல, காட்டுல இறக்கி ஓட்டலாமா?

காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி வண்டி ஓட்டுவது குற்றம். ஜீப் இருப்பதால் விதி தளராது. சொந்தத் தோட்டம், பட்டா நிலம், அனுமதியுள்ள மலைப்பாதை ஆகியவை போதும். தண்ணீரைக் கடப்பதானால் முதலில் நடந்து ஆழம் பாருங்கள். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். ஏறியதும் பிரேக்கை இலேசாக மிதித்தபடியே சிறிது தூரம் ஓட்டி டிரம்மை உலர்த்துங்கள். மறுநாள் டிஃபரன்ஷியல் ஆயிலைப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, அன்றே மாற்ற வேண்டும்.

எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா மண்ணுல கூட 4-வீல் போட்டா வண்டி ஓடாம இறுகிப் பிடிக்குது. ஏன்?

முன்னும் பின்னும் டயர் அளவு ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள். ஒன்றே என்றால், யாரோ ஒருவர் வேகம் கிடைக்கட்டும் என்று பின் ஆக்சிலை மட்டும் வேறு ரேஷியோவுக்கு (சக்கரங்கள் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்ற வேண்டும் என்ற கணக்கு) மாற்றியிருக்க வாய்ப்பு அதிகம். மஹிந்திரா ஜீப்புகளில் 5.38, 4.88 என ரேஷியோக்கள் உண்டு. முன்னால் ஒன்றும் பின்னால் வேறொன்றும் இருந்தால் இரண்டு ஆக்சிலும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். 2-வீலிலேயே ஓட்டியவருக்கு இது ஆண்டுக்கணக்கில் தெரியாமலே இருக்கும்.

சோதனைக்குச் சாக்பீஸ் போதும். முன்பு சொன்னபடி கல் கொடுத்து, ட்ரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். சக்கரத்திலும் ஷாஃப்டிலும் கோடு போட்டு, சக்கரத்தை 20 சுற்றுச் சுற்றி, ஷாஃப்ட் எத்தனை சுற்றியது என்று ஒருவர் எண்ணட்டும்: 54-க்கு அருகே என்றால் 5.38, 49-க்கு அருகே என்றால் 4.88 (மற்ற சக்கரம் தரையில் நிற்பதால் ஷாஃப்ட் பாதிதான் சுற்றும்). அதையே ஹப்பைப் பூட்டிய முன்சக்கரத்திலும் செய்யுங்கள். இரண்டு எண்களும் ஒத்துப்போகவில்லை என்றால், ஒரு ஆக்சிலின் கிரவுன் பினியனை மாற்றும் வரை முன் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டு 2-வீல் வண்டியாகவே ஓட்டுங்கள். கழற்றிய போல்ட்டுகளை ஒரு டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள், அந்த அளவில் போல்ட் எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை.